காசிமேட்டில் உயர்ந்த கைக்குட்டை

ஓரத்தில் நீலக் கோடு ஓடும் வெள்ளைக் கைக்குட்டை அது. என் மகனுக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தவர், காரில் ஏறியது முதல் அதை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. மகனும் அவருடைய மகளும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். பையனைப் பற்றி அவருக்குக் குறை இல்லை; தயக்கமெல்லாம் எங்கள் ஊரைப் பற்றித்தான். "ஊரை ஒருக்கா சுத்திப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் மீனவர் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணன் கடலுக்குப் போனதால் கல்லூரிக்குப் போனவன். மணலியில் பொறியாளராக இருந்து தலைநிமிர்ந்து ஓய்வு பெற்றவன். மெரினாவையும் மயிலாப்பூரையும் காட்டி அவரை அனுப்பிவைத்திருக்கலாம். அது என் மரியாதைக்கு அடுக்காது. மருமகள் வாழப்போகும் ஊர் எதுவோ அதையே காட்டுவது என்று தீர்மானித்தேன்.

அண்ணியும் உடன் வந்தார். காலஞ்சென்ற என் அண்ணனின் மனைவி. முழங்கால் தேயும்வரை காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுக்காரர்களுக்காக மீன் ஏலம் விட்டவர். முன்னிருக்கையில் ஏறும்போதே, "ஒன் கௌரவத்துக்கோசரம் இன்னைக்கு நான் வாயே தொறக்க மாட்டேன் தம்பி" என்று அவராகவே வாக்களித்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை நான் விளக்கியபோதும், திருவொற்றியூர்க் கோயிலில் விபூதி வாங்கியபோதும் பேசவில்லை. எண்ணூரில் ஆறு கடலோடு சேரும் இடத்தில் நின்று, பின்னால் தெரிந்த புகைபோக்கிகளைப் பார்த்த விருந்தாளி, "எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்லிப் பெண் எடுக்கும் குடும்பம் இல்லை எங்களுடையது. ஆனால் திரும்பும் வழியில் டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்தபோது, இந்தச் சம்பந்தம் நடக்காது என்றே எனக்குத் தோன்றிவிட்டது. மகனின் முகம் கண்முன் வந்தது.

கடைசியாகக் காசிமேடு. மாலையில் கரை சேர்ந்த சிறு படகுகளின் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஏலத்தில் சீட்டும் கையெழுத்தும் கிடையாது. விலை ஏறும்போது கை உயர்ந்தால் அந்த விலைக்குக் கேட்டதாகப் பொருள். கடைசியாக உயர்ந்த கை யாருடையதோ மீன் அவருடையது. பிறகு மறுப்பவர்க்கு மட்டுமல்ல, அவரை அழைத்து வந்தவர்க்கும் அந்தக் கரையில் சொல்லுக்கு மதிப்பு இல்லை. இது எதுவும் அறியாத விருந்தாளி, முகத்தை மொய்த்த ஈக்களை விரட்டக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் வீசினார். "வெள்ளத்துணி நைனாவுக்கு வுழுந்துச்சு!" என்று ஏலக்காரர் கத்தினார். ஒரு கூடை வஞ்சிரம் அவர் காலடியில் வந்து இறங்கியது.

"நான் ஈயத்தானுங்க ஓட்டினேன்!" என்றார். கூட்டம் சிரித்தது. "இன்னா நைனா, கையத் தூக்கிட்டு ஜகா வாங்கறியா?" என்று ஒரு குரல். அவர் முகம் சிவந்து பணப்பையை எடுத்தார். அந்தப் பை திறந்தால் மீன் எங்களுக்கு வரும், பெண் வராது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது அண்ணி வாய் திறந்தார். "துட்ட உள்ள வை சம்பந்தி. டேய், எவன்டா சிரிக்கிறது? அவரு எட்த்தது எட்த்ததுதான். இப்போ அவரு விக்கிறாரு, வாங்க!" என் தோளைப் பிடித்துக் கவிழ்ந்து கிடந்த ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்றார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குரல் துறைமுகத்தில் எழுந்தது. "கோயமுத்தூராரு வஞ்சிரம்! கண்ணப் பாரு, கண்ணாடி மாரி கீது! நேத்து மீன் துன்றவன் நவுந்துக்கோ!" சிரித்தவர்களே போட்டி போட்டுக் கேட்டார்கள். விலை முதல் ஏலத்தைத் தாண்டி ஏறியது. மகிழ்ச்சி தாங்காமல் விருந்தாளி நெற்றி வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தூக்க, "கைய எறக்கு சம்பந்தி, மறுபடி ஒன் தலைலயே வுழுந்துரும்!" என்று அண்ணி அதட்டினார். விருந்தாளி விழுந்து விழுந்து சிரித்தார். கூடை விற்றதும், கிடைத்த லாபத்தில் ஏலக்காரர் உட்பட அங்கிருந்த அனைவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது கைக்குட்டை சட்டைப்பையில் இருந்தது. "உங்க அண்ணி இருக்கற ஊருக்குப் புள்ளையக் குடுக்க நான் எதுக்குங்க யோசிக்கோணும்?" என்றார்.

திருமணம் எங்கள் ஊரிலேயே, அவர் விருப்பப்படியே நடந்தது. பேத்தி பிறந்து, அண்ணி அவளை மடியில் வைத்துக் கொஞ்சிய பிறகே கண் மூடினார்.

சென்ற மாதம் பேத்திக்குக் காது குத்த வந்த சம்பந்தி, வேறெங்கும் போக வேண்டாம், காசிமேடு போதும் என்றார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஓர் இளம்பெண் ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். வஞ்சிரம் வந்ததும் அவர் நீலக்கோட்டுக் கைக்குட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்து, கை முழுவதும் நீட்டி உயர்த்தினார். "யார் பேர்ல நைனா?" என்று அவள் கேட்டாள். அண்ணியின் பெயரைச் சொன்னார். எதிரே விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைகளை இறக்கிக்கொண்டார்கள்.

கடற்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. அன்று அங்கே ஓர் ஈகூட இல்லை.