முதல் சீனிலேயே வாயைத் திறந்த மாப்பிள்ளை

ப்வாய்ஸே மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வீடியோ கொட்டகையில் லுப்வாமா மைக்கைப் பிடித்தால் சீனாக்காரனும் எங்கள் லுகாண்டா மொழி பேசுவான். எந்த நாட்டுப் படமானாலும் சரி, சத்தத்தைக் குறைத்துவிட்டு அத்தனை பேருக்கும் இவனே பேசுவான். கிழவிக்கும் இவன்தான் குரல், கைக்குழந்தைக்கும் இவன்தான், நாய் குரைத்தால் அதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பான். கம்பாலா நகரத்தில் இவனைப் போல நூறு பேர் இருக்கலாம். எங்கள் லுப்வாமா மாதிரி வருமா?

அவனுடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் முதல் காட்சியில்தான். யாரை நம்பலாம், யாரைக் கண்டால் பயப்பட வேண்டும், கதை எங்கே போகிறது என்பதெல்லாம் பெஞ்சில் இருப்பவனுக்கு அங்கேயே பிடிபட வேண்டும் என்பான்.

"இந்தா, ஓட்டல்ல தனியா உக்காந்து திங்கிறானே, இவன் பேரு முகாசா. வாய் தட்டுல இருக்கு, கண்ணு கதவுல இருக்கு, பாத்தீங்களா? பசியில திங்கிறவன் இப்படித் திங்கமாட்டான் மக்களே. இவனுக்குப் பயம். படம் முழுக்க ஓடத்தான் போறான்!"

ஓடுவான். கொட்டகை கைதட்டும்.

ஆனால் புதுப் படத்தை முன்கூட்டிப் பார்த்து வைக்கிற பொறுமை அவனுக்கு ஏது? ஒருநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரு பெரியவரை, "இவரு பொண்ணோட அப்பா, தங்கமான மனுசன்" என்று அறிமுகப்படுத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் அந்தத் தங்கம் நாலு பேரைச் சுட்டுத் தள்ளியது.

"டேய் லுப்வாமா, உன் தங்கம் சுடுதுடா!" என்று பெஞ்சே எழுந்து நின்று கத்தியது.

அவனும் விடவில்லை. சுட்டதற்கு ஒரு காரணம், அந்தக் காரணத்துக்கு ஒரு முன்கதை என்று படம் முடியும்வரை அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுத்து முட்டுக் கொடுத்துத் தொண்டை கட்டிப்போய் வெளியே வந்தான். முதல் காட்சியில் பொய் சொன்னால் என்ன பாடு பட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான், பாவம்.

அந்தக் குரலில் மயங்கியவள் நபுகீரா. பக்கத்துத் தையல் கடையில் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு மனசைப் பறிகொடுத்தாள். அவளுடைய அப்பா கியிம்பா, மசாகா பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். ஒருமுறை கம்பாலா வந்து, கொட்டகை வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வராமலே திரும்பிவிட்டார்.

"ஊரான் வாய்க்கெல்லாம் இவன் பேசுறான். இவனுக்குன்னு ஒரு பேச்சு இருக்கா? உங்கிட்ட எந்த வாயால பேசுவான்?" என்றார் மகளிடம். அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு, "சரி, முறைப்படி வரட்டும். பிடிக்கலேன்னா சீர்னு கொண்டாற பழக்கூடையோட திருப்பி அனுப்பிடுவேன்" என்று இறங்கி வந்தார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டுப் போகிற சபையில் அது நேர் எதிர். அங்கே மாப்பிள்ளை மூச்சு விடக்கூடாது. ஆண்களோடு ஆணாக வெள்ளை அங்கி போட்டுப் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும், பெண்ணின் அத்தை வந்து 'இவன்தான்' என்று கண்டுபிடித்து எழுப்புகிறவரை. பெண்ணின் தகப்பனும் வாய் திறக்கமாட்டார். இரண்டு பக்கமும் பேச ஆள் அமர்த்தியிருப்பார்கள். முறை தவறினால் அபராதம்.

லுப்வாமா பக்கம் பேச வந்தவர் கலூலே. எடுத்த எடுப்பிலேயே வானத்தை வில்லாக வளைத்தார்.

"எங்க பையன் சினிமாக் கம்பெனி முதலாளி. வெளிநாட்டுக்காரன் இவனக் கேக்காம படம் எடுக்கமாட்டான்!"

"அடேங்கப்பா!" என்றார் பெண் வீட்டுப் பேச்சாளர். "அவ்வளவு பெரிய முதலாளி வாடகை வேன்லயா வந்து இறங்கினாரு? காரு அடுத்த படத்துல வருதா?"

பந்தலே சிரித்தது. கியிம்பா மட்டும் சிரிக்கவில்லை. ஓரத்து நாற்காலியில் இருந்தபடி லுப்வாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லுப்வாமா கணக்குப் போட்டுப் பார்த்தான். தன் வாழ்க்கைப் படத்தின் முதல் காட்சி, அதில் தன் பாத்திரத்தை வேறொருவர் தப்பாக அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறார். சும்மா இருந்தால் பெண் கிடைத்தாலும் கிடைக்கும். அப்புறம் இந்த மனிதர் முன்னால் ஆயுசு முழுக்க அந்த முதலாளி வேஷம் போட வேண்டும். பேசினாலோ, பழக்கூடை வேனில் ஏறிவிடும்.

மண்டியிட்டான்.

"மன்னிக்கணும். எனக்குக் கம்பெனி கிடையாது. அந்தக் கொட்டகையே என்னோடது இல்ல. படம் ஓடறப்ப கத்தறவன் நான். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். உங்க பொண்ணையும் பிடிக்கும். மத்தவங்களுக்காக எவ்வளவு வேணும்னாலும் பேசிருவேன் ஐயா. அவ முன்னாடி நின்னா எனக்குப் பாதி வார்த்தை வராது."

மைக் இல்லாத அந்தக் குரல் அவ்வளவு சன்னமாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்! கடைசி வார்த்தையில் உடைந்தே போயிற்று.

"மாப்பிள்ள வாயத் திறந்துட்டான்! அபராதம்!" என்று பந்தல் அமளிப்பட்டது.

"அடப்பாவி, நான் இன்னும் உன்னக் கண்டுபிடிக்கவே ஆரம்பிக்கலியே!" என்று அத்தை இடுப்பில் கைவைத்து நின்றாள். "தவளை தன் வாயால கெடும்" என்று முனகிக்கொண்டே கலூலே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வீட்டு ஜன்னலில் நபுகீராவின் முகம் வெளிறிக் கிடந்தது.

"சோடா ஒரு பெட்டி!" என்று தீர்ப்புச் சொன்னார் பெண் வீட்டுப் பேச்சாளர்.

"ரெண்டு பெட்டி."

யார் அது என்று எல்லோரும் திரும்பினார்கள். கியிம்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு அவன் குடுக்கட்டும். இன்னொண்ணு என் கணக்கு. நானும் பேசிட்டேன்ல?" என்றார். பிறகு தங்கையைப் பார்த்து அதட்டினார்: "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அவன எழுப்பு. எம் மருமகன் எவ்வளவு நேரம் மண்டி போட்டிருப்பான்?"