மூடிக்குள் ஒரு ரொட்டி

ஹால்வருக்கு ஒழுகுகிற எதையும் கண்டால் ஆகாது. நார்வேயின் இந்தக் கரையில் தீவுக்குத் தீவு போகும் கப்பலில் காலமெல்லாம் எஞ்சின் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டுச் சன்னல் இடுக்குகளை அடைக்க ஆரம்பித்தார். அடைத்த அடைப்பில், மார்கழியில் அங்கே மீன் பொரித்தால் பங்குனி வரை வாசனை போகாது.

"எல்லா ஓட்டையும் அடைச்சே, உன் வாயை மட்டும் விட்டுட்டியே கிழவா" என்பாள் குட்னி. அவர் மனைவி. எனக்குப் பக்கத்து வீடு, என் வயது, என் சிநேகிதி.

இரண்டு குளிர்காலம் படகுக் கொட்டகையில் உட்கார்ந்து, தேவதாரு மரக் கீற்றுகளை ஒட்டி ஒட்டி அவர் ஒரு கயாக் கட்டினார், ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய படகு. அழகென்றால் அப்படி ஒரு அழகு. எதிரே தெரியும் வாத்துத் தீவுக்கு அதில் போய், கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

போன வருடம் போனார். அலையில், சாமான் வைக்கும் பின்னறையின் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி, மாற்றுடை, படுக்கைப் பை எல்லாம் ஊறிவிட்டன. உதடு நீலம் பாரித்துத் திரும்பியவரை நானும் குட்னியும் கம்பளியில் சுருட்டி அடுப்பருகே உட்கார வைத்தோம். பல் தந்தியடித்தது. குட்னி அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள். அப்பளம்போல் மெல்லியதாக அவள் சுடும் ரொட்டியில் ஒரு துண்டைப் பின்னறையில் வைப்பாள். ஹால்வர் விரிகுடாவில் ஒரு சுற்று போய் வர வேண்டும். ரொட்டி சத்தம் போட்டு ஒடிந்தால் தீவுக்குப் போகலாம். வளைந்தால் கொட்டகைக்குப் போகலாம்.

இந்த வருடம் ஒவ்வொரு தடவையும் ரொட்டி வளைந்தது. மூடியின் விளிம்பை இழைத்தார், புது ரப்பர் பட்டை ஒட்டினார், இறுக்கும் வாரைக் கூட்டினார். கரையில் வைத்துக் குழாயால் பீய்ச்சினால் ஒரு சொட்டு இறங்காது. கடலில் இறக்கினால் ரொட்டி நமத்துவிடும்.

"கடல் என்னைப் பழி வாங்குது."

"கடலுக்கு வேற வேலையில்லையா? உன்னை நான் பழி வாங்குறதே போதும்."

ஒரு நாள் குட்னியும் நானும் ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்தோம். சூடாக அடைத்து மூடிய பாட்டில் ஆறியதும், எனக்குத் திறக்க வரவில்லை. மூடி உள்வாங்கியிருந்தது. அதைப் பார்த்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதேதான். வெயில்ல காயுற படகு, உள்ளே காத்து சூடு. பச்சைத் தண்ணில இறக்கினா காத்து சுருங்கி, ரப்பர் இடுக்கு வழியா தண்ணியை உறிஞ்சுது. காத்து போய்வர நடுத்தடுப்புல ஒரு ஊசி ஓட்டை போட்டா முடிஞ்சுது."

"அட, சொல்லேன் போய்!"

"சொன்னா போயிடுவாரே." பாட்டிலைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். "நீயும் வாயைத் திறக்கப்படாது."

எனக்கோ ரகசியம் வயிற்றில் நிற்காது. அவர் வேலி ஓரம் வந்தாலே உள்ளே ஓடினேன். குட்னியின் மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த நீல உதட்டை நானும் பார்த்தவள்தானே.

ஆகஸ்டில் ஒரு மாலை, ரொட்டி மறுபடி வளைந்தது. ஹால்வர் வையவில்லை. துடுப்பைச் சுவரில் மாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படகு மேல தப்பில்லை குட்னி. இந்தக் கைதான் போயிடுச்சு. இனிமே இதை நம்ப முடியாது."

குட்னி விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது கையில் ஜாம் பாட்டில்.

"உன் கைக்கு ஒண்ணும் ஆகலை. அளவுக்கு மேல நல்லா அடைச்சிருக்கே, அதான் வினை. இதைத் திற பாப்போம்!"

அவர் பாட்டிலோடு மல்லுக்கட்டினார். மூடி 'டப்'பென்று காற்றை இழுத்துத் திறந்தது. எஞ்சின்காரருக்கு வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஓட்டையா? நானா? என் படகுலயா?"

"நீ போடாதே. தள்ளு." அவளே கைத்துளைப்பானை எடுத்து, உட்காரும் குழிக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த தடுப்பில் ஊசி கனத்துக்குத் துளை போட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ரொட்டி ஒடிந்த சத்தம் என் வீட்டு வாசல் வரை கேட்டது என்றால் மிகை. எனக்குக் கேட்டது.

கிளம்பும் நாளில் குட்னி புது ரொட்டி ஒன்றைப் பின்னறையில் வைத்து, வாரைத் தன் கையால் இறுக்கினாள். "இதைத் திங்கப்படாது. திரும்பி வந்து என் முன்னாடி ஒடிக்கணும்."

அன்றிரவு அவள் வீட்டு விளக்கு அணையவில்லை. விடிந்ததும் துறைக்கு வந்துவிட்டாள். நானும் காப்பியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதியம் தாண்டித்தான் தேவதாரு நிறம் கண்ணில் பட்டது. ஹால்வர் கரையேறி, மூடியைத் திறந்து, ரொட்டியை அவள் காதருகே கொண்டுபோய் ஒடித்தார். பாறையில் இருந்த கடற்காகம் எழுந்து பறந்தது. அப்படியொரு சத்தம்.

குட்னி ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டேயிருந்தது.

"நமத்துப்போச்சு" என்றாள். "இனிமே போகப்படாது."

ஹால்வர் மீதித் துண்டைக் கடித்தார். நொறுநொறுவென்று மென்றுகொண்டே தலையாட்டினார்.

"ஆமா, நமத்துத்தான் போச்சு" என்றார்.