அம்மா இல்லாத கார்டு

எங்கள் ரேஷன் கார்டிலிருந்து அம்மாவின் பெயரை எடுத்தவன் நான்தான். முதியோர் பென்ஷன் வேண்டுமானால் கவனிக்க ஆளில்லாதவர் என்று காட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் மலையில், வாழவந்தி நாட்டு ஊர்களில் எங்களைப்போல் இன்னும் சில வீடுகள் உண்டு. சாப்பிடுவது ஒரே அடுப்பில், கார்டு மட்டும் இரண்டு. விசாரிக்க வந்தவரிடம் "எனக்கு ஆருமில்லீங்க" என்று அம்மா சொன்னபோது, பத்தடி தள்ளி நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். பென்ஷனும் வந்தது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

பிறகு அரசுக் காப்பீட்டு அட்டைக்கு எழுதிப்போட்டேன். ரேஷன் கார்டில் பேர் இருந்த எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வந்தது. அம்மாவுக்குத் தனியாக வருமானச் சான்று வாங்கி, கூட்டிப்போய்ப் போட்டோ எடுக்க வேண்டும். மிளகு பறிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு பறிப்பு முடிந்தது.

போன மழையில் அம்மா மரவள்ளிக் காட்டுச் சரிவில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. மலையடியில் காரவள்ளிக்கு இறங்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் கத்தினாள். ஆஸ்பத்திரியில் காப்பீட்டைப் பார்க்கும் பெண் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல அவங்க பேரு இல்லீங்களே. உங்களுக்கு அவங்க என்ன வேணுமுங்க?"

"அம்மாங்க."

"அப்புறம் ஏனுங்க சேக்கலை?"

புது அட்டைக்கு நாளாகும். ஆபரேஷனோ பொறுக்காது என்றார் டாக்டர். மிளகுக் கொடிகளை ஒரு வியாபாரிக்கு மூன்று வருடக் குத்தகைக்கு விட்டுப் பணம் கட்டினேன். காப்பீட்டிலேயே முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். அவள் அதை நம்பி, "எம்பையன் கார்டுலயே எல்லாம் ஆயிப்போச்சு" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மாசியில் வேற்றாட்கள் ஏணியோடு வந்து மிளகு பறிக்க எங்கள் மரங்களில் ஏறினார்கள். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சத்தம் போட்டாள். ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் குத்தகைக்கு விட்ட விஷயத்தை அவர்கள்தான் சொன்னார்கள்.

திரும்பி வந்தவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"என்னையும் உங்க கார்டுல சேத்துக்கறியா, சாமி?" என்றாள்.

"அதான் இப்ப உனக்கும் தனியா காப்பீட்டு அட்டை வாங்கியாச்சேம்மா. இனிமே செலவில்லை."

"தனியா வேண்டாங்கண்ணு. உங்ககூடவே போடு."

எங்கள் ரேஷன் கார்டில் சேர்த்தால் அவளுடைய பென்ஷன் நின்றுவிடும். கொடியும் கையில் இல்லாத இந்த வருடத்தில், அவளுடைய மாத்திரைகளை அந்தப் பணத்தில்தான் வாங்குகிறேன்.

"பாக்கலாம்மா" என்றேன், பெற்றவளிடம்.