உப்பை விட்ட நேர்ச்சையும் ஜமீலா சிஸ்டரும்

என் வீட்டுக்காரர் சூசை ஐந்து நாள் கண்ணே மூடவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நம் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற இந்த அன்பியத்தில் என்னைத் தெரியாதவர் இல்லை. பாம்பன் கருவாட்டுக்கார ஜெசிந்தா, வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் இன்றைக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன். நன்றிக்கு நடுவில் நான் செய்த தப்பும் வரும். அதை ஒளித்துவிட்டு நல்லதை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அது மழைக்காலம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. இவர் மட்டும், கடலை நானே அடக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற மனுஷன், அந்த வாரம் பேச்சை நிறுத்தவே இல்லை. ஒரே வாரத்தில் வள்ளத்துக்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்தார். நீலம், சிவப்பு, மறுபடியும் நீலம். கேட்டவர்களுக்கெல்லாம் வலையைத் தூக்கிக் கொடுத்தார். கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். வள்ளத்தைத் தள்ளிய அன்றைக்கு நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவரைக் கட்டிப்பிடித்துக் கரை சேர்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் ஈர மணலில் உட்கார்ந்து அழுதேன்.

ஏவல் என்றார்கள். பேய் என்றார்கள். இவருடைய அண்ணன் அந்தோணி, குடிக்காமலே போதை ஏறிவிட்டது என்றார். நான் ஒவ்வொரு கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் எங்கள் பங்குச் சாமியார்தான் என்னைத் திட்டினார். "ஜெசிந்தா, காலு ஒடிஞ்சா கட்டுப் போடப் போவியா, இல்ல இங்கன வந்து முட்டி போடுவியா? மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." அப்படித்தான் ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநல வார்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே கட்டிப் போடுவார்கள், ஊசி போட்டு மூலையில் கிடத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தது தொண்டிக்கார ஜமீலா சிஸ்டர். ஒல்லியான உருவம், சிரிக்காத முகம். முதல் வேலையாக எங்களோடு வந்த பதினொரு சொந்தக்காரர்களையும் வெளியே அனுப்பினார். டிவியை நிறுத்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். வீட்டுக்காரர் கட்டிலில் ஏறி நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். சிஸ்டர் மறுத்தும் பேசவில்லை, ஆமாம் போடவும் இல்லை. "கடல் விசயம் அப்பறம் பேசுவம் அண்ணே. இப்ப இதைக் கையில பிடிங்க," என்று ஓர் இட்லியை நீட்டினார்.

அந்த இட்லியை நான் மறக்கவே மாட்டேன். ஐந்து நாளாகத் தட்டில் சோறு போட்டு, உட்காருங்க உட்காருங்க என்று நான் கெஞ்சியும் அவர் ஒரு வாய் தின்னவில்லை. சிஸ்டர் அவரை உட்காரச் சொல்லவே இல்லை. வராண்டாவில் அவர் நடக்க, கூடவே நடந்தார். ஒரு நடைக்கு ஒரு இட்லி, அடுத்த நடைக்கு வாழைப்பழம், அடுத்த நடைக்குத் தண்ணீர். மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று தினமும் நோட்டில் எழுதினார். "அக்கா, அவுக பேசுற பேச்சைப் பாக்காதீங்க. தூக்கத்தைப் பாருங்க. தூக்கம் கூடினா எல்லாம் கூடும்," என்றார். மூன்று மணி நேரம் நாலானது. நாலு ஆறானது.

ஆட்டம் அடங்கியது, பிழைத்தோம் என்று நினைத்தேன். அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய பயம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் பேசவே இல்லை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு பக்கம் என்று டாக்டர் விளக்கினார். ஜமீலா சிஸ்டர் தினமும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். இதற்கா சம்பளம் என்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்தேன். ஆறாவது நாள் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே, "என் வலையெல்லாம் போச்சா?" என்று கேட்டார்.

சிஸ்டர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் நகர்த்தினார். "அண்ணே, செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன பொம்பளை இவள், இல்லாத நினைப்பை எடுத்துக் கொடுக்கிறாளே என்று எழுந்துவிட்டேன். அதற்குள் வீட்டுக்காரர், "ஆமா சிஸ்டர்," என்றார். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். பதினெட்டு வருஷம் கூடவே படுத்து எழுந்த என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர் பக்கத்தில் ஓர் ஆள் எப்போதும் இருக்கும்படி சிஸ்டர் பார்த்துக்கொண்டார். நான் குளிக்கப் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அவர் கொஞ்சம் தெம்பாகி நடமாடத் தொடங்கிய பிறகுதான் இன்னும் கவனமாகப் பார்த்தார். "தெம்பு வாரப்பதான் கண்ணு மூடாமப் பாக்கணும் அக்கா," என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். லித்தியம் என்று ஒரு மாத்திரை. குறிப்பிட்ட நாளில் ரத்தப் பரிசோதனை. கிளம்பும்போது சிஸ்டர் என் கையைப் பிடித்துச் சொன்னார், "சாப்பாடு எப்பயும் போலத்தான். உப்பையும் தண்ணியையும் மட்டும் திடீர்னு குறைச்சுராதீங்க. குறைச்சா இந்த மாத்திரை உடம்புல தேங்கிப்போயிரும்." சரி சிஸ்டர் என்று தலையை ஆட்டினேன். என் தலைக்குத்தான் ஆடத் தெரியுமே.

தவக்காலம் வந்தது. வீட்டுக்காரர் வலை முடைய உட்கார ஆரம்பித்திருந்தார். ஆனால் இந்த மாத்திரை எத்தனை காலத்துக்கு என்று கேட்டால் யாரும் ஒரு கெடு சொல்லவில்லை. அது என்னை அரித்தது. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று பீடத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டேன். நாற்பது நாள் எங்கள் வீட்டு அடுப்பில் உப்பு விழாது, வெள்ளிக்கிழமை எங்கள் நாக்கில் தண்ணீர்கூடப் படாது, ஆண்டவரே, பதிலுக்கு இவரை முழுசாகக் குணமாக்கி மாத்திரையை நிறுத்திக் கொடு. சிஸ்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் நம் வீடுகளில் பத்தியம் இல்லாமல் எந்த மருந்து உண்டு? கருவாடு ஆகாது, புளி ஆகாது, உப்பு ஆகாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். பத்தியமும் நேர்ச்சையும் ஒன்றாகப் போகட்டும் என்று கணக்குப் போட்டேன். கருவாடு விற்கிற வீட்டில் உப்பில்லாக் கஞ்சி. அவரும் தினமும் அதையே குடித்தார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வலை ஊசி அவர் கையில் நிற்கவில்லை. கை அப்படி நடுங்கியது. காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. எழுந்தால் தள்ளாடினார். பேச்சு குழறியது. அவருடைய அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஏத்தா ஜெசிந்தா, மாத்திரை ஆளையே கொல்லுதுல்ல, தூக்கிக் கடல்ல வீசு," என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஆண்டவர் படத்துக்கு முன்னால் முட்டி போட்டேன். ஆண்டவரே, இதை எறியவா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லு, இந்த ஆளை என்கிட்டேருந்து எடுத்துராதே என்று கதறினேன். அவ்வளவுதான் என் ஜெபம். வேறு எதுவும் எனக்கு வரவில்லை.

ஜெபம் முடியவில்லை. போன் அடித்தது. ஜமீலா சிஸ்டர்.

வீட்டுக்குப் போன நோயாளிகளின் பெயரை எல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். பரிசோதனை நாளில் வராதவர்களுக்கு அவரே போன் போடுவார். முந்தின நாள் நாங்கள் போயிருக்க வேண்டும். நேர்ச்சை முடியட்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன். அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணன் நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டாக?" என்றார்.

"மீன் குழம்பு சிஸ்டர்." முட்டி போட்ட இடத்திலேயே பொய் சொன்னேன்.

"உப்புப் போட்டியளா அக்கா?"

எப்படித்தான் தெரிந்ததோ. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஒரு சத்தம் போடவில்லை. "இனிமே ஒரு மாத்திரைகூடக் குடுக்காதீங்க. டப்பாவை எறியாம எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்புங்க. நான் டாக்டர்ட்ட சொல்லி வைக்கிறேன்," என்றார். ஒரு வேனைப் பிடித்துப் பாலத்தைத் தாண்டினோம். என் மடியில் அவர் தலை, கையில் டப்பா.

வாசலிலேயே நின்றிருந்தார் சிஸ்டர். ரத்தம் எடுத்தார்கள். மருந்து உடம்பில் தேங்கி விஷ அளவுக்குப் போயிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் தொடங்கியவர் முடிக்கவில்லை. கையில் ஊசி குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, அதில் என்ன மருந்து என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணி அக்கா," என்றார் ஜமீலா சிஸ்டர்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டு அடுப்பில் நான் நிறுத்திவைத்ததை ஆண்டவர் அவர் ரத்தத்தில் நேராக ஏற்றிக்கொண்டிருந்தார். சிஸ்டரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த வருஷம் நம் தவக்காலமும் அவர்கள் ரமலானும் சேர்ந்து வந்திருந்தது. அவர் உதடு காய்ந்திருந்தது. "நானும் நோன்புதான் அக்கா. ஆனா நோயாளிக்கு நோன்பு கடமை இல்லைன்னு எங்க மார்க்கத்துலயே இருக்கு. ஒங்க கோயில்லயும் அப்படித்தானே?" என்றார். அப்படித்தான். மறைக்கல்வி வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடுக்கம் குறைந்து, வீட்டுக்காரர் தானே டம்ளரைப் பிடித்துக் கஞ்சி குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, "அப்பாடி, உப்பு," என்றார். வார்டே சிரித்தது. அந்தச் சிரிக்காத சிஸ்டரும் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்து, நீங்கள் எனக்கு வானதூதர் என்றேன். "வானதூதருக்கு லீவாவது கெடைக்கும் அக்கா," என்று கையை உருவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பேசாமல் உட்கார்ந்தார்.

டாக்டர் அளவைக் குறைத்து அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். வீட்டுக்காரர் இப்போதும் அதைப் போடுகிறார். நிறுத்திக் கொடு என்று நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வரவில்லை. எடுத்துராதே என்று கதறிய ஜெபத்துக்கு வந்தது. இப்போது இவர் கடலுக்குப் போகிறார், பகலில், தம்பி முறைக்காரன் ஒருவனோடு, தண்ணீர்க் கேனோடு. நான் பரிசோதனை நாளைத் தவறவிடுவதில்லை. இரவு ஜெபத்தில் எங்கள் குடும்பத்துப் பெயர்களுக்குப் பிறகு தொண்டி ஜமீலா என்றும் சொல்லுகிறோம்.

உங்கள் வீட்டில் ஒருவர் தூங்காமல் சிரித்துக்கொண்டிருந்தாலோ, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலோ ஒளித்து வைக்காதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், கேட்ட கையோடு வண்டியையும் பிடியுங்கள். எந்த வார்டு என்று தெரியவில்லையென்றால் நானே கூட வருகிறேன். இந்தத் தவக்காலத்துக்கு நான் உப்பை விடவில்லை. என் பிடிவாதத்தை விட முடியுமா என்று பார்க்கிறேன், அது இதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்காரர்தான் எங்கள் வீட்டில் ஜெபம் சொல்லுவார். ஆமென் சொல்லிவிட்டு, கையைச் சோற்றில் வைக்கும் முன்னால், தினமும் தவறாமல் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக் கேட்கிறார், "ஏத்தா, உப்புப் போட்டியா?"

போட்டேன் என்று நானும் தினமும் சொல்லுகிறேன்.