முகவரியில் நின்ற வார்த்தை

எங்கள் செய்தி ஆசிரியர் இணைய முகவரியைப் போனில் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார். நடுவில் வருகிற கோட்டுக்கெல்லாம் “சாய்கோடு, சாய்கோடு” என்று அழுத்துவார். எதிர்முனையில் இருப்பவர் எழுதி முடிக்கும்வரை போனை வைக்க மாட்டார். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஒற்றை அறையில் ஓடிய செய்தித்தளம் எங்களுடையது. அவரும் நானும்தான் அலுவலகம். “லிங்க் அனுப்பினா போதும் சார், எதுக்குத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறீங்க?” என்பேன். “நீ சும்மா இரும்மா, சொன்னாத்தான் மனசுல நிக்கும்” என்பார்.

செய்தியின் முகவரியிலேயே அதன் வகையும் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தளத்தின் பெயர், பிறகு வகை, பிறகு தலைப்பு. “ஊரு, தெரு, வூட்டு நம்பர் மாதிரிம்மா. தொறக்கறதுக்கு முன்னாடியே உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியணும்.” நகரம், விவசாயம், பேருந்து, கோயில், சாராயம் என்று அஞ்சாறு வகை வைத்திருந்தார். மலைக்கென்று தனி வகை கிடையாது. கல்வராயன் மலையிலிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே செய்திதான்: சாராயம் காய்ச்சப் பேரலில் போட்டிருந்த ஊறலைப் போலீசார் கொட்டி அழித்தார்கள், இன்னார் கைது. மலைச் செய்தி வந்தால் ஆசிரியரின் விரல் தானாகவே சாராயம் என்ற வகைக்குப் போய்விடும். வகை போடுவது அவர் வேலை. அதில் நான் கைவைத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு மலை என்றாலே அந்த நினைப்புதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மலைமேல் வெள்ளிமலையில் ஒரு ஜீப்காரர் இருந்தார். மழையில் மலை ரோடு அறுத்துக்கொண்டு போனாலும், வலி எடுத்த பெண்களைக் கீழே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். பின் சீட்டில் எப்போதும் ஒரு கம்பளியும் துவைத்த புடவையும் மடித்து வைத்திருப்பார். ஆசிரியரே பஸ் ஏறிப் போய், ஒரு பகல் முழுக்க அவரோடு ஜீப்பில் சுற்றிவிட்டு வந்து எழுதினார். அவர் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சின்னசேலம், தியாகதுருகம் என்று எல்லா ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்த லிங்க் சுற்றியது. ஜீப்காரர் தன் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார். அந்த நீல எழுத்து வரியில், ஆங்கில எழுத்துகளில் சாராயம் என்றும், அதை ஒட்டி அவர் பெயரும் நின்றதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மலையில் ஒரு பள்ளி, பிள்ளைகளை ஏற்றி வர ஜீப் தேடியது. வருஷம் முழுக்க ஓட்டம் கிடைக்கும். உங்களைப் பற்றித் தெரிய வேண்டுமே என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பெருமையாக லிங்கை அனுப்பிவிட்டார். அவர்கள் அதைத் திறக்கவே இல்லை. மேலே இருந்த வார்த்தையையும் பெயரையும் பார்த்தார்கள், வேறு ஜீப்பைப் பேசிவிட்டார்கள். அங்கே சமையல் வேலை பார்த்த சொந்தக்காரப் பெண் சொல்லித்தான் இவருக்குக் காரணமே தெரிந்தது.

மாடி ஏறி வந்தவர் உட்காரக்கூட இல்லை. “இன்னா சார் இது? என் பேருக்கு முன்னால சாராயம்னு போட்டுகினு கீறீங்க? அத நான் கையால தொட்டது கெடையாது சார். புள்ளைங்கள ஏத்தற வண்டி சார் அது. அந்த வார்த்தைய எடுத்துடுங்க” என்றார்.

ஆசிரியர் ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டார். நான் சொன்னேன்: “சார், அவசரப்படாதீங்க. வகைய எடுத்தா முகவரியே மாறிடும். பழைய லிங்க அமுக்கினா ஒண்ணும் வராது. பழசத் தொட்டவங்கள புதுசுக்குத் திருப்பிவிடற மாதிரி மொதல்ல செஞ்சிக்கணும். தளம் கட்டிக் குடுத்தவரக் கேப்போம்.” கேட்டால்தானே! வெட்கம் வந்துவிட்டால் அவருக்கு நிதானம் இருக்காது. அந்த ஒரு செய்தி என்றில்லை, எல்லாச் செய்திகளின் முகவரியிலிருந்தும் வகையையே நீக்கிவிட்டார். அது ஒரே சொடுக்கில் முடிந்துவிட்டது.

அதுவரை வெளியே போயிருந்த லிங்க் அத்தனையும் செத்தது. தளம் கட்டிக் கொடுத்தவர் வெளிநாட்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. வாசகர்கள் வருவது குறைந்தது, விளம்பரமும் நின்றது. பழையபடியே வைத்துவிடலாம் சார் என்று கெஞ்சினேன். “தளம் போனாப் போவட்டும். அந்த வார்த்த மட்டும் அவர் பேரோட திரும்ப வரக் கூடாதும்மா” என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. கோபமும்தான்.

கொஞ்ச நாளில் ஜீப்காரர் மறுபடி வந்தார். இந்த முறை சத்தமே போடவில்லை. போனை நீட்டினார். யாரோ எப்போதோ பகிர்ந்த பழைய லிங்க், ஏதோ குழுவில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தது. “சார், முன்ன தொறந்தா உள்ள நான் நல்லவன்னு இருந்துச்சி. இப்ப தொறந்தா ஒண்ணுமே இல்ல. வெளிய எழுதினது மட்டும் அப்படியே நிக்குது.”

மறுநாள் ஆசிரியர் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கே போனார். பார்க்கலாம் என்றார்களாம். இருந்த ஒரு பிரதியையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் தளத்தை மூடினோம்; அதில் இருந்த செய்திகளும் அதோடு போயின. அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். போனில் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், இந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுப்பதில்லை. நான் கடைகளுக்குத் தளம் கட்டித் தருகிறேன். முகவரியில் வகையையும் போடுங்களேன் என்று யாராவது கேட்டால் சுள்ளென்று விழுகிறேன். காரணம் தெரியாமல் அவர்கள் முழிப்பார்கள், பாவம்.

போன மாதம் மலைக்காரர்கள் இருக்கிற ஒரு குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது, நம்பிக்கையான ஜீப் யாராவது சொல்லுங்கள். ஒருவர் நம் ஜீப்காரரின் பெயரையும் நம்பரையும் போட்டார். அதற்குக் கீழே இன்னொருவர் அந்தப் பழைய முகவரியை ஒட்டி, “இந்த ஆளா? வேணாம்பா” என்றார். அது தப்பு, அவர் தங்கமான மனுஷர், அந்தச் செய்தியைத் தளத்தில் ஏற்றியவளே நான்தான், தயங்காமல் கூப்பிடுங்கள் என்று தட்டி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. “அப்படியா மேடம், அந்த நியூஸ அனுப்புங்க, பாத்துட்டுக் கூப்டறோம்.”

அனுப்புவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.