தலையாட்டல் பதில் இல்லை

அக்கா வேலைக்கு உட்காரும்போது முதலில் வளையல்களைக் கழற்றுவாள். பிறகு மோதிரம், பிறகு கழுத்துச் சங்கிலி. எல்லாவற்றையும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் பவர் சப்ளைப் பக்கம் கை நீட்டுவாள். டப்பா மூடுகிற சத்தத்தோடுதான் எங்கள் அறையில் வேலை தொடங்கும்.

டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஆஸ்பத்திரிகளிலிருந்து பழுதாகி வரும் கருவிகளைத் திறந்து சரிசெய்து அனுப்புவது எங்கள் நாலைந்து பேரின் வேலை. அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை; மேசைக்கு ஒன்றாக, சின்னதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ். நடுவே ஒரு பலகையில் இருவருக்கும் பொதுவாக ஒரே பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, நாம் கேட்கிற வோல்ட்டை மட்டும் அளந்து கொடுக்கிற பெட்டி அது. இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அக்காவுக்கு. நடுவில் ஒரு சின்னப் பொத்தான். அதை அமுக்கினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்; இடது பக்கம் எத்தனை வோல்ட்டோ வலது பக்கமும் அத்தனை வோல்ட்.

அவளுக்கு ஆம்பியர் அக்கா என்று பெயர். யார் எந்த போர்டைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, “ஆம்பியர் எவ்வளவு?” குமிழ்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாள். ஒயரில் எதையும் மாட்டாமல் வோல்ட்டை வைப்பாள். அதற்குப் பிறகு, இதற்கு மேல் ஓடக்கூடாது என்று ஆம்பியருக்கு ஒரு வேலி போடுவாள். எப்போதும் ஐம்பது மில்லி ஆம்பியரில்தான் ஆரம்பம். போர்டு அந்த வேலியைத் தாண்டி இழுக்கப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரியும், வோல்ட் தானாகச் சரியும், போர்டு பிழைத்துக்கொள்ளும். மாட்டும்போது கறுப்பு ஒயர் முதலில், கழற்றும்போது சிவப்பு முதலில். வேலை முடிந்தால் ஒயர்கள் சுவர் ஆணியில் தொங்க வேண்டும்.

முதலாளி கிண்டல் செய்வார். “ஏம்மா, வீட்டுல அடுப்பு பத்த வைக்கிறப்பவும் இவ்வளவு சடங்கு உண்டா?”

“அடுப்பு வெடிச்சா நாலு வீட்டுக்குக் கேக்கும் சார். இது சத்தமே போடாம சாகும்.”

பொதுவான பெட்டி என்பதால் இன்னொரு விதியும் வைத்திருந்தாள். நான் வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்: “பொத்தானைத் தொடுறதுக்கு முன்னாடி வாயால கேளு. நானும் வாயாலதான் சொல்லுவேன். லென்சுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கிறவ எதுக்கெதுக்கோ தலைய ஆட்டுவா. தலையாட்டுறது பதில் இல்ல, புரியுதா?”

நான் தலையாட்டினேன்.

“பாரு,” என்றாள்.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஒரு முறை கேட்டு பதில் வராவிட்டால் மறுமுறை கேட்க நாக்கு எழாது. “தம்பி, உன் தொண்டையை யாரோ அம்பது மில்லில வச்சிருக்காங்க,” என்பாள். அறையே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும்.

அவளுடைய மகள் சனிக்கிழமைகளில் பள்ளி முடிந்து நேராக அறைக்கு வருவாள். ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை. இரண்டு வயதில் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள்ளே ஒன்று வைத்தார்கள். அதற்குச் சத்தத்தைப் பிடித்து அனுப்ப, காதுக்குப் பின்னால் அவரைக்காய் அளவில் ஒரு கருவி. கருவி வந்ததிலிருந்து பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வாயாடி என்றே எல்லோரும் கூப்பிட்டோம்.

“மாமா, பல்லி முட்டை போடுறப்ப சத்தம் வருமா?”

“தெரியாது.”

“உங்களுக்குக் காது நல்லாத்தானே இருக்கு?”

அக்கா லென்சிலிருந்து தலையை எடுக்காமல் சிரிப்பாள்.

மழை ஆரம்பித்த மாதத்தில் அந்தக் கருவி நின்றுபோனது. ஆஸ்பத்திரி ஜன்னலில், அந்த மாடல் இப்போது வருவதில்லை, இலவசப் பட்டியலில் ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான், மறுமுறைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு உள்ளே இருந்தவர் ஜன்னலைப் பாதி இழுத்துவிட்டாராம். பள்ளித் தலைமை ஆசிரியை ஒரு மாதம் தவணை கொடுத்தார். “அதுக்குள்ள காது வந்தா வகுப்பு. இல்லேன்னா வேற பள்ளிக்கூடம் பாருங்கம்மா.” காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், விடுதியோடு இருந்தது.

“நானே திறக்குறேன்,” என்றாள் அக்கா. அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். “பிள்ளை காதுல கைய வைக்கிறே. பாத்து வை,” என்று போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

சாப்பாட்டு நேரங்களில் மட்டும் அதைச் செய்தாள். மூன்று நாள் மதியம் சாப்பிடவில்லை. உள்ளே ஈரம் போய் பச்சை பிடித்திருந்த இடத்தைச் சுரண்டி, கழித்துப் போட்ட போர்டு ஒன்றிலிருந்து கடுகளவு பாகத்தை எடுத்து ஈயத்தால் பற்ற வைத்தாள். நாலாவது நாள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையிலிருந்து மூன்றே முக்கால் வோல்ட் கொடுத்துப் பார்த்தாள்.

ஐம்பது மில்லியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கருவி எழவில்லை. எண்பதிலும் எழவில்லை. எழும் அந்தக் கண நேரத்துக்கு மட்டும் அது கொஞ்சம் அதிகம் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வேலியை அரை ஆம்பியருக்கு, ஐம்பதைப் போல் பத்து மடங்கு, தள்ளிவைத்தாள். இதை அப்போது நான் பார்க்கவில்லை. பிறகு அவளே சொன்னாள்.

எனக்கு அன்று இதயத் துடிப்பு காட்டும் பெட்டி ஒன்று முடிய வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு பக்கத்தையும் சேர்த்தால்தான் ஆகும். என் பக்கத்தில் பன்னிரண்டு வோல்ட் தயாராக இருந்தது. முதலாளி இரண்டு முறை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போயிருந்தார். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடத் தொடங்கியது.

“அக்கா, சேக்கலாமா?” என்றேன்.

அக்கா லென்சுக்குள் குனிந்திருந்தாள். தலை மெல்ல ஆடியது, இரண்டு முறை.

ஆணியை நான் பார்த்திருக்க வேண்டும். அக்காவின் ஒயர் அதில் இல்லை. மறுமுறை கேட்டிருக்க வேண்டும். பொத்தானை அமுக்கினேன்.

வலது பக்க எண் பன்னிரண்டுக்குத் தாவியது. சத்தம் எதுவும் இல்லை. அக்காவின் லென்சுக்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளி பளிச்சென்று வெளுத்து அணைந்தது. சற்றுப் பொறுத்து, முடி பொசுங்கினாற்போல ஒரு வாடை வந்தது.

அக்கா கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள். சிவப்பு ஒயரைக் கழற்றினாள். பிறகு கறுப்பை. இரண்டையும் ஆணியில் மாட்டினாள். குமிழ்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். பொத்தான் உள்ளே போயிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன்க்கா.”

“நான் சொன்னேனா?”

“தலையாட்டுனீங்க.”

கீழே காற்றடிக்கும் மெஷின் நின்றது. அறை திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

“பச்சை விளக்கு எரிஞ்சுது, உயிர் வந்துச்சு,” என்றாள். “அதைப் பாத்துதான் ஆட்டியிருப்பேன்.”

நான் பொத்தானை மறுபடி அமுக்கி வெளியே வரவிட்டேன்.

“லிமிட்டை அரைக்கு ஏத்தினது நானு. அம்பதுல இருந்திருந்தா ஒருவேளை பொழைச்சிருக்கும்.” கருவியை இடுக்கியால் திருப்பிப் போட்டாள். நடுவில் கொப்புளம் போல வெடித்திருந்தது. “சரி, உன் வேலைய முடி. அவரு வந்து நிப்பாரு.”

டப்பாவைத் திறந்து வளையல்களைப் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு மீதி நேரம் ஒயரைத் தொடவில்லை. கழுவ வேண்டிய போர்டுகளை எல்லாம் கழுவி அடுக்கினாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் கணவர் படியேறி வந்தார். என்னைப் பார்த்து, “என்ன தம்பி, சௌக்கியமா?” என்றார். பிறகு அக்காவிடம், “யாரு கை வச்சா?” என்று கேட்டார்.

“யாரும் வைக்கல. பழசு. தானா போச்சு.”

“ஊரு மிஷினுக்கெல்லாம் உயிரு குடுக்குற கை. சொந்தப் பிள்ளைக்கு மட்டும்…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் இருந்த கருகின கருவியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதை வைத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் அமுக்கினேன் என்று சொல்ல எனக்கு மாடியிலிருந்து கீழ்ப்படி வரை நேரம் இருந்தது. படிகள் பதினெட்டு.

தவணை முடிந்ததும் பள்ளியில் பெயரை எடுத்துவிட்டார்கள். விடுதிப் பள்ளியில் அடுத்த ஆண்டுதான் சேர்ப்பார்களாம். அதுவரை வாயாடி தினமும் அறைக்கு வந்தாள், எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு முக்காலியில். முதல் சில வாரங்கள் முன்போலவே பேசினாள், கொஞ்சம் சத்தமாக. பிறகு சொற்களின் கடைசி எழுத்துகள் உதிரத் தொடங்கின. ‘பல்லி’ ‘பல்’ ஆனது. அக்கா அவள் முகத்தைத் திருப்பி, உதட்டைக் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பாள். பிள்ளை இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாவது முறை வாயை மூடிக்கொள்ளும். என்னிடம் கேள்வி எதுவும் இப்போது வருவதில்லை.

நான் இப்போது பொத்தானைத் தொடும் முன் எழுந்து, அக்காவின் மேசைக்கே போய் நின்று கேட்கிறேன். ஆணியையும் பார்க்கிறேன். அவள் தலையை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்து, “சேத்துக்கோ,” என்கிறாள். ஒவ்வொரு முறையும் அதே சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. தொண்டையைப் பற்றிய அந்தக் கிண்டலை அவள் பிறகு செய்யவே இல்லை.

நேற்று மத்தியானம் பிள்ளை பவர் சப்ளையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுற்றும் காற்றாடியின் அதிர்வு அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பிறகு விரலை மெல்ல நகர்த்தி, பொத்தானுக்கு ஒரு நூல் தள்ளி நிறுத்தி, அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும், தொடும் முன் கேட்பதை. இரண்டு பக்க ஒயர்களும் ஆணியில்தான் இருந்தன.

“சேத்துக்கோ,” என்றாள் அக்கா, லென்சுக்குள் குனிந்தபடி, பழக்க தோஷத்தில், நல்ல சத்தமாக.

பிள்ளையின் விரல் அசையவில்லை. புருவம் உயர்ந்தபடியே இருந்தது.

அக்கா நிமிர்ந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினாள்.

பிறகு தலையாட்டினாள்.