அளவு மீறிய சீட்டுகள்

மகள் செய்த ஒரு மாற்றத்தால் அவள் அலுவலக நெட்வொர்க் நின்றுபோனது. வேலை போய்விடுமோ என்று பதறி, செங்கல்பட்டிலிருந்து அந்த அலுவலகத்துக்கே ஓடினேன். அவளுடைய மேலாளர் அடையாள அட்டையால் முதுகைச் சொறிந்தபடி வந்தார்.

"இன்னாமா, பேரண்ட்ஸ் மீட்டிங்கா?"

"தப்பு அவளோடதா சார்?"

"ரூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லும்போது குறிப்புச் சீட்டு ஒட்டி அனுப்பும். சோதிச்சுப் பாக்குற லேப்ல கீற சாஃப்ட்வேர் எத்தினி சீட்டுன்னாலும் வாங்கிக்கும். இங்க ஓடுறதுக்கு ஒரு அளவு கீது. பொண்ணு லேப்ல சரியா ஓடிச்சுன்னு நம்பி இங்க அதுக்கு மேல ஒட்டிச்சு, வழியே போச்சு."

"வேலையை விட்டு எடுத்துடுவீங்களா?"

"லேபுக்கும் இங்க ஓடுற அதே சாஃப்ட்வேர வாங்காத என்னைத்தான் எடுக்கணும். வூட்டுக்குப் போங்கம்மா."

மகள் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவர் உண்மையைச் சொன்னாரா, நான் பதறி ஓடிவந்ததைப் பார்த்து இரங்கிச் சொன்னாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.